முறைக்கிற ஊர்

பெட்டியைச் சங்கிலியால் இரண்டு சுற்றுச் சுற்றி ரயில் இருக்கையின் காலோடு சேர்த்துப் பூட்டியதில் கடைக்காரர் ஒரு தப்பும் செய்யவில்லை. அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. பூட்டுவதற்கு முன்னால், சாவி தொலைந்துவிடக் கூடாதே என்று அதைப் பெட்டிக்குள் சட்டைகளுக்கு அடியில் பத்திரப்படுத்தி வைத்தார் பாருங்கள், தப்பு அங்கேதான்.

வண்டி கடைசி நிலையத்தில் வந்து நின்று, எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவர் மட்டும் தரையில் குந்திச் சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் விற்பதே பயணப்பெட்டி, பூட்டு, சங்கிலிதான். யாராவது இந்த ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் போதும், ஒரு பூட்டு வாங்க வந்தவர் இரண்டோடு போவார். திருட்டு ஊர், புகை ஊர், ஆலையெல்லாம் மூடிக்கிடக்கிற ஊர், வந்தவன் மூஞ்சியை முறைக்கிற ஊர் என்று அவர் அவிழ்த்துவிடும் கதைகளில் பாதி அவரே ஜோடித்தவை. இத்தனைக்கும் அவர் இங்கே வந்திருந்தது ஒரே ஒரு தடவை. மச்சான் செத்தபோது காலையில் வந்து மாலை வண்டியில் திரும்பிவிட்டார்.

ரயில் பெட்டியைப் பெருக்க வந்த அம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் விவரம் சொன்னார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை, காதைக் கொடுக்கவுமில்லை. அவர் வாயையே வெறித்துப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் இறங்கிப் போனாள். சரிதான், ஊர் புத்தி என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அவள் எண்ணெய்க்கறை படிந்த சட்டையோடு ஒரு பிட்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனும் அவர் வாயை முறைத்தான். அடுத்த நொடி அறைதான் விழும் என்று கடைக்காரர் கன்னத்தைத் தயார் செய்துகொண்டார். அவன் சட்டைப்பையிலிருந்து வளைந்த கம்பி ஒன்றை எடுத்துப் பூட்டுக்குள் விட்டு ஒரு திருகு திருகினான். பூட்டு வாயைப் பிளந்தது. முழுசாக ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

“இந்தப் பூட்டை யாரு சார் உங்க தலையில கட்டினது?” என்று கேட்டான்.

“தெரிஞ்ச கடைதான்,” என்றார் கடைக்காரர்.

நன்றி சொல்லி முடிப்பதற்குள் அவன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். “நில்லுப்பா” என்று இவர் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. ஓடிக்கொண்டே கத்தியதற்கும் திரும்பவில்லை. கடைசியில் மானத்தை விட்டு “திருடன், திருடன்” என்று கூவினார். நடைமேடையில் இருந்த கூலியாட்கள், டீ விற்பவர்கள், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. ஊரே கூட்டுக்களவாணி என்று முடிவு கட்டிக்கொண்டு மூச்சிரைக்க வெளியே வந்தால், பேருந்து நிறுத்தத்தில் நிழல் பார்த்துப் பெட்டியை வைத்து, அதன்மேல் படிந்த தூசியைத் தன் துண்டால் தட்டிக்கொண்டிருந்தான் அந்தப் பிட்டர். எந்தத் தெரு என்று விசாரித்து, பேருந்திலும் ஏற்றிவிட்டான். தான் கூவியது அவன் காதில் விழவில்லையே என்று கடைக்காரருக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

அவர் வந்தது தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போக. ஐம்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான். பிள்ளை இல்லை. புருஷன் போய்விட்டான். ஊரில் முக்கால்வாசிப் பட்டறைகளுக்குப் பூட்டு. மிச்சம் இருக்கிற ஒரு பிரஸ் கொட்டகையில் இரும்புத் தகட்டை வெட்டிக்கொண்டு ஒண்டியாகக் கிடக்கிறாள். அவளுக்கு ஏதாவது ஒன்று ஆனால் யார் தாக்கல் சொல்வார்கள் என்பது கொஞ்ச காலமாக அவர் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. கூடப்பிறந்தவள் என்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். வீட்டு மாடி அறைக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்கு வலையும் அடித்தாயிற்று. வந்துவிடு என்று அவர் போனில் கெஞ்சாத வாரம் இல்லை. “பார்க்கலாம்ணா” என்பாள். உடம்பு எப்படி இருக்கிறது என்றாலும் பார்க்கலாம்ணா. பேரன் பிறந்திருக்கிறான் என்று சொன்னபோதும் பார்க்கலாம்ணா. வீட்டில் பிள்ளைகள் அவளுக்குப் பார்க்கலாம் அத்தை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் என்ன பிள்ளைகள், வைத்தவர் அவர்தான். சிரித்தது பிள்ளைகள்.

பேருந்து போன வழியெல்லாம் உயரமான மதில்கள், புகையில்லாத புகைபோக்கிகள், துருப்பிடித்த வாயிற்கதவுகள். கண்ணாடி உடைந்த ஜன்னல்களில் புறாக்கள் குடித்தனம் நடத்தின. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு அழுக்கு இல்லை. வேலை போன வீட்டு வாசல்கள்கூட அன்று காலைதான் கழுவிவிட்டதுபோல இருந்தன. இதைக் கடையில் சொன்னால் வியாபாரம் படுத்துவிடுமே என்று தோன்றியது.

தங்கை வீட்டுக் கதவில் அழைப்பு மணிப் பொத்தான் இருந்தது. அமுக்கினார். சத்தமில்லை. மணி கெட்டுப்போயிருக்கும் என்று மறுபடியும் அமுக்கினார். பொறுமை போய், தட்டச்சு செய்வதுபோல விடாமல் அமுக்கினார். கதவு திறந்தது. உள்ளே கூரையில் தொங்கிய பல்பு, அவர் விரலை எடுத்த பிறகுதான் அணைந்தது. மணிக்குப் பதிலாக விளக்கை மாட்டி வைத்திருக்கிறார்கள், இதென்ன சிக்கனமோ என்று நினைத்தார்.

பாப்பா இளைத்திருந்தாள். வாண்ணா என்று சொல்லி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாசம்தான் என்று முதலில் நினைத்தார். அவர் பேசப் பேச அவள் புருவம் நெரிந்தது. கோபம் போலிருக்கிறது என்று அதையும் மாற்றிக்கொண்டார். அன்றைக்கெல்லாம் வீட்டுக் கதை, கடைக் கதை என்று அவர் அளந்ததற்குச் சில இடங்களில் சிரித்தாள், சில இடங்களில் தலையாட்டினாள். போனில் கேட்டதை நேருக்கு நேர் கேட்கத் தைரியம் வராமல், பெட்டியிலிருந்து துணியை எடுத்து வைக்கிற சாக்கில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “என்ன பாப்பா, என்கூட வர்றியா?” என்று கேட்டார். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தார். அவள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவளோடு கொட்டகைக்குப் போனார். மேலாளர் அனுமதித்தார். அவரும் வாயைத்தான் பார்த்தார். உள்ளே காலை வைத்ததும் சத்தம் நெஞ்சில் குத்தியது. நீளமான கொட்டகையில் வரிசையாகப் பிரஸ் இயந்திரங்கள். ஒவ்வொன்றும் இரும்புத் தகட்டின்மேல் தடால் என்று இறங்க, தரை அதிர்ந்தது. பெண்கள் தகட்டை வைத்து, கையை எடுத்து, மிதியை மிதித்தார்கள். காதில் பஞ்சு. அத்தனை சத்தத்திலும் அவர்கள் அரட்டை அடித்துக்கொண்டிருந்ததுதான் அதிசயம். ஒருத்தி வாயை மட்டும் அசைக்க, கொட்டகையின் மறுகோடியில் இருந்தவள் அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேச்சு தன்னைப் பற்றித்தான் என்பது, எல்லோரும் தன் தொப்பையைப் பார்த்ததில் அவருக்கு விளங்கியது.

சாப்பாட்டு வேளைக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தகரக் கூரையில் புறா நடப்பதுகூடக் கேட்டது. தங்கை அவருக்கு முதுகைக் காட்டிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா,” என்றார்.

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். அந்த அமைதியில் அவர் குரல் கொட்டகையின் மறுகோடிவரை போய்த் திரும்பி வந்தது. அத்தனை பெண்களில் ஒருத்தியும் திரும்பவில்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தவள் மட்டும் அவர் வாய் அசைந்ததைக் கண்டு, எட்டிப் பாப்பாவின் தோளைத் தொட்டாள்.

கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

வாசல் டீக்கடையில் நேற்றைய பிட்டர் நின்றிருந்தான். இங்கேயும் இயந்திரம் பழுது பார்ப்பவன் அவன்தானாம். அடையாளம் தெரிந்து சிரித்தான். கடைக்காரர் அவன் முகத்துக்கு நேரே நின்று, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். அவன் தன் காதைத் தொட்டுக் காட்டி, நாளெல்லாம் கணக்கு இல்லை, பிரஸ்ஸில் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்றான். அவனுடையது சம்மட்டிப் பட்டறையில் போனது. பாப்பாவின் புருஷனோடு ஒரே சம்மட்டி இயந்திரத்தில் நின்றவன்தான் அவன். பஞ்சுக்கு மேலே ஒன்றும் கொடுத்ததில்லை முதலாளிகள். ஆட்கள் வாய்திறந்து கேட்ட பட்டறைகளைத்தான் முதலில் மூடினார்கள். வெளியூர்க்காரர்கள் தங்களைத் திமிர் பிடித்தவர்கள், கூப்பிட்டால் திரும்பாதவர்கள் என்று சொல்வது தெரியும் என்றும், ஒவ்வொருத்தனுக்கும் போய் விளக்க முடியுமா என்றும் சொன்னான்.

“அப்போ போன்ல?” என்றார் கடைக்காரர்.

“போனா? பாதி புரியும், பாதி புரியாது. சரி, பார்க்கலாம்னு வச்சிடுவோம். எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான் சார். எதைக் கேட்டாலும் அது பொருந்திடும் பாருங்க.”

அவன் சிரித்தான். கடைக்காரரால் அதில் கலந்துகொள்ள முடியவில்லை. ஒரு வருஷமாகக் கெஞ்சியது எல்லாம் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. அவள் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. உண்மையில் அவளைக் கேட்கவே இல்லை. அதை வைத்து ஒரு பட்டப்பெயர் வேறு.

நேற்று அவள் புருவம் நெரிந்தது ஏன் என்று கேட்டார். பிட்டர் கொஞ்சம் தயங்கினான்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க மீசை வாயை மூடிக்கிட்டு இருக்கு. எனக்கே பாதிதான் புரியுது, மீதி குத்துமதிப்பு.”

அந்த மீசை கடைக்காரரின் ஒரே ஆஸ்தி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்த்தது. மனைவி பலமுறை சண்டை போட்டும் அசையாதது. டீக்கடைக்கு இரண்டு கடை தள்ளி முடிதிருத்தகம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் முடிதிருத்துபவர் கேள்வியே கேட்காமல் மூக்குக்குக் கீழே சோப்பு நுரையைத் தடவினார். ஊருக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முதலில் அதுதானாம். எடுத்து முடித்ததும் கண்ணாடியில் யாரோ ஒரு தபால் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். மேல் உதடு இருப்பதே இத்தனை காலம் கழித்து அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது.

சாயங்காலம் அவள் வீடு வந்தபோது ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். சிரிப்பு வந்து, அடக்கி, முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னவோ புரிந்து, சிரிப்பு நின்றது. எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஒரு ஜோக்கை எடுத்துவிடுவார். நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. விழுங்கினார்.

“பாப்பா. என்கூட வந்துடறியா? வீட்டுக்கு. அங்கேயே இருக்கறதுக்கு.”

அவள் அவர் உதட்டைப் பார்த்தாள். சொல் முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதையா அண்ணா இத்தனை நாளா போன்ல கேட்டுட்டிருந்தே?”

தலையாட்டினார். ஏன் சொல்லவில்லை, காது இப்படி ஆகிவிட்டதென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றும் கேட்டார். சொல்லியிருந்தால் மறுநாளே வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பாய் என்றாள். மாடி அறையைப் பற்றி விவரமாகச் சொன்னார். ஜன்னல், கட்டில், வலை. அண்ணி ஆசையாக எதிர்பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னார். அவள் ஒன்றையும் விடாமல் பார்த்துக் கேட்டாள். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“நேராச் சொல்லிடும்மா,” என்றார். “எதுவா இருந்தாலும் பரவாயில்ல.”

“நான் வரலை அண்ணா,” என்றாள். அவள் குரல் கொஞ்சம் உரக்கத்தான் இருந்தது, அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் போல. “இந்த ஊர் நல்ல ஊர்னு நான் சொல்ல மாட்டேன். அவரையும் தின்னுச்சு, என் காதையும் தின்னுச்சு. இந்தக் கொட்டகையும் அடுத்த வருஷம் இருக்குமோ என்னவோ. ஆனா உன் பொண்ணு கல்யாணத்துல ரெண்டு நாள் இருந்தேனே, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நீங்கள்லாம் நல்லவங்கதான். ஆனா அடுப்பைப் பார்த்துப் பேசுவீங்க, டிவியைப் பார்த்துப் பேசுவீங்க, மாடிப்படியில இருந்து பேசுவீங்க. அங்க வந்தா நான் அந்த ரூம்ல கிடக்கிற செவிட்டு அத்தை. இங்க எவனும் என் மூஞ்சியைப் பார்க்காம ஒரு வார்த்தை பேசறதில்ல. நான் வரலை. நீ வா. மாசம் ஒரு தடவை வந்து, இதே மாதிரி எதிர்ல உட்கார்ந்து பேசிட்டுப் போ.”