ஹார்டு டிஸ்குக்கு நோக்குகூலி

1.
சஜிக்கு நான் தரவேண்டியது எண்ணூற்று ஐம்பது ரூபாய். இந்தக் கதை அதற்காகத்தான் எழுதப்படுகிறது. வேறு நல்ல காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

(முதலில் தொடங்கியது: "சாலை பஜாரின் விடியல் ஒரு". ஒரு என்ன என்று தெரியவில்லை. விடியலில் எனக்குத் தெரிவது முன்னால் போகிறவன் முதுகில் இருக்கும் அரிசி மூட்டைதான்.)

2.
நான் பிச்சையா. சாலை பஜாரில் சுமை தூக்குகிறவன். நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தேன். பிறகு பழைய லேப்டாப்பில் ஒற்றை விரலால் மூன்று வருஷம் தட்டியதில் பதினொரு கதை. பேக்கப்புக்கு வெளியே செருகுகிற ஒரு ஹார்டு டிஸ்க். போன மாதம் லேப்டாப்பின் உள் டிஸ்க் செத்தது. பதினொன்றும் இப்போது வெளி டிஸ்கில் மட்டும்.

பழவங்காடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கிற மலையாளி சஜி பார்த்தான்.

"புதுசு வாங்கக் காசில்ல அல்லே? இந்த வெளி டிஸ்கிலேயே சிஸ்டம் போட்டா லேப்டாப் அதுல இருந்தே எழும்பும். பக்ஷே, முதல்ல எல்லாத்தையும் அழிக்கணும்."

"அழிச்சிட்டா, எழும்பி எதைப் பார்க்கும்?"

3.
(இங்கே சஜியை வில்லனாக்கிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிகூட மாட்டினேன். பொருந்தவில்லை. டீ வாங்கித் தருகிறவன்.)

"கிடங்குக்குள்ள ஆபீஸ் ரூம் போடணும்னா மூட்டையைத் தெருவிலயா கொட்டுவோம்? அட்டியைப் பிரிச்சு, நெருக்கி அடுக்கி, ஓரமா இடம் விடுவோம்," என்றேன். (அட்டி: மூட்டை அடுக்கு.)

சஜி காதைச் சொறிந்தான். "செய்யலாம். லேப்டாப்பில சார்ஜ் நிக்காது. நடுவில கரண்டு போனா தீர்ந்து, அண்ணாச்சி. பதினொண்ணும் போச்சு."

"இன்வர்ட்டர்?"

"உண்டு. பேட்டரிக்கு எங்க அப்பன் வயசு."

4.
ஐந்து மணி நேரம். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. சஜி கோட்டைப் பார்த்தான். நான் சஜியைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு சதவீதத்தில் கரண்டு போய்க் கடை ஃபேன் நின்றது. [என் மனநிலையை விவரிக்க வேண்டிய இடம். நான் அப்போது ]

இன்வர்ட்டர் கீச்சிட்டது. கோடு நகர்ந்தது.

கடைசியில் லேப்டாப் டிஸ்கில் இருந்தே எழும்பியது. கதைகளை எண்ணினேன். பதினொன்று. மூட்டை எண்ணுகிற பழக்கத்தில் இன்னொரு தடவை எண்ணினேன்.

"எண்ணூற்றைம்பது," என்று சஜி சுவரில் எழுதினான்.

"நீ பார்த்துக்கிட்டுதானே இருந்தே? எல்லாம் அதுவாத்தானே செஞ்சுது."

"ஆணோ, அப்படியா. கடை தொறந்த அன்னிக்கு இரும்பு அலமாரியை நானும் மச்சினனும் இறக்கினோம். மதில்ல உக்காந்து பார்த்ததுக்கு நோக்குகூலின்னு எண்ணூற்றைம்பது வாங்கினது ஆரு, அண்ணாச்சி?"

(நோக்குகூலி: தூக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததற்குச் சுமைக்காரர்கள் வாங்குகிற கூலி. இப்போது அரசு அதைத் தடை செய்துவிட்டது. அவன் கடை திறந்தது அதற்கு முன்பு.)

5.
முடிவு ஒன்று: பணத்தை எண்ணிக் கொடுத்தேன். (பொய்.)

முடிவு இரண்டு: மதிலில் இருந்தது வேறு ஒரு பிச்சையா. (முதல் பிரதியில் இதைத்தான் எழுதினேன்.)

சஜி பணம் கேட்கவில்லை. "கதை எழுதுற ஆளல்லே? அதை எழுதுங்க. எனக்கு அது போதும்."

எழுதுகிறேன். மதிலில் இருந்தது நான். காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அலமாரியின் மூலை அவன் விரலை நசுக்கியதையும் பார்த்தேன். கை கொடுக்கவில்லை. கூலி வாங்கினேன்.

சஜிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். விரல் நசுங்கிய இடம் வந்ததும் போதும் என்று கை காட்டிவிட்டு, ஈரத்துணியால் சுவரைத் துடைத்தான்.

இதற்கு மேலும் முடிவு வேண்டுமானால் நீங்களே தூக்கி வையுங்கள். இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள். கூலி மட்டும் கேட்காதீர்கள். அதைத்தான் நிறுத்திவிட்டார்களே.