நோன்பு மாதத்து நாக்கு

ஊசி குத்துகிற வலிக்குப் பயப்படுகிற ஆள் நான் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள். மீன் வெட்டும்போது விரலைக் கிழித்துக்கொண்டு, தையல் போட்ட கையோடு மறுநாள் வேலைக்குப் போனவள். என் பயமெல்லாம் ஊசி போட்ட பிறகு வருவதைப் பற்றித்தான். அதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் நல்லமுத்து பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர்.

"டைபாய்ட் ஊசிக்குப் போய் இவ்ளோ பயமா? சின்னப் பிள்ளைங்களே அழாது லா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி கலக்கவில்லை. போய்க் கடையில் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜார்ஜ்டவுனில் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்துல் ஹமீது அண்ணனின் நாசி கண்டார் சோற்றுக்கடை இருக்கிறது. அங்கே சமையற்கட்டில் வேலை செய்கிறேன். மற்ற மாதங்களில் அரைப்பேன், தாளிப்பேன், கிளறுவேன், யாராவது ஏதாவது சொன்னால் திருப்பிச் சொல்வேன். நோன்பு மாதம் வந்தால் மட்டும் எனக்கு ஒரு தனி மரியாதை. கடையில் அத்தனை பேரும் நோன்பு பிடிக்கிறவர்கள், நான் ஒருத்திதான் இந்து. பகல் முழுக்கச் சமைத்துச் சாயங்காலம் பசாருக்கு, நோன்புச் சந்தைக்கு, கொண்டுபோகிற குழம்பில் உப்புப் பார்க்க என் நாக்கை விட்டால் வேறு நாக்கு கிடையாது. நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று சிலர் சொல்வார்கள். ஹமீது அண்ணன் அதற்கும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

கோழிச் சட்டிக்கு உப்புப் போடுவதும் நான்தான், பார்ப்பதும் நான்தான். மாட்டுச் சட்டிப் பக்கம் நான் போகமாட்டேன். அதற்கு அவர் மனைவி நோர்மா அக்கா கண்ணளவில் உப்பைப் போட்டு, பிஸ்மில்லாஹ் என்று மூடிவிடுவார். இதுதான் எங்கள் கடை வழக்கம். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, அதுவாகவே அமைந்துவிட்டது.

என் பயத்துக்குக் காரணம் கோவிட் காலத்து ஊசி. இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாளே காய்ச்சல். அது இறங்கியதும் பார்த்தால் வாயில் ருசியே இல்லை. முதலில் நாக்கு போனது, பிறகு வாசனையும் போனது. சோறும் ஒன்றுதான், சவர்க்காரமும் ஒன்றுதான். மிளகாய் மட்டும் எரியும், காரம் என்று தெரியாது. அப்போது நான் வேலை செய்த கடை அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் இருந்தது. ஒரு வாரம் சமாளித்தேன். ஒருநாள் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். முதலாளி ரொம்ப அன்பாகத்தான் பேசினார். நாக்கு சரியானதும் வாம்மா என்றார். சரியாகிப் போனபோது என் இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு நடுரோட்டில் நின்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சாப்பாடு கையாள்கிறவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை டைபாய்ட் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். நான் கடைசியாகப் போட்டது கோவிடுக்கு முன்னால். அதற்குப் பிறகு இன்றைக்கு, நாளைக்கு என்று ஹமீது அண்ணனுக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் நோன்பு பாதி போனபோது, சுகாதார இலாகா ஆட்கள் பசாருக்குச் சோதனைக்கு வருகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. நோர்மா அக்கா என்னை விடவில்லை.

"காலையிலயே போயிட்டு வந்துரு வள்ளி. கோழிய நான் பார்த்துக்கறேன். ஒன்னும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு எப்போதுமே ஒன்றும் ஆவதில்லை. ஆகிறதெல்லாம் எனக்குத்தான். வாயை மூடிக்கொண்டு போனேன்.

கிளினிக்கில் டாக்டர் தமிழ்ப் பெண், என் மூத்தவளைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். கையைத் துடைக்க வந்தபோது நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"இது போட்டா நாக்கு போகுமா?"

"போகாதுக்கா. கை வலிக்கும், லேசா காய்ச்சல் அடிக்கலாம், தலைவலி வரலாம். அவ்ளோதான்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க. நாலு மாசம் நாக்கு செத்துப் போச்சு."

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் அவசரப்படாமல் கேட்டாள்.

"அப்ப கோவிட் டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எதுக்கு? ஊசிக் காய்ச்சல்னு படுத்துக்கிட்டேன்."

"அது கோவிட்டாத்தான் இருந்திருக்கும்க்கா. அந்த நேரம் ஊரெல்லாம் பரவிச்சு. ஊசி வேலை செய்றதுக்குள்ள உங்களுக்கு வந்திருக்கும். வேணும்னா இன்னிக்கு வேணாம், யோசிச்சிட்டு வாங்க."

அவள் சொன்னது புத்திக்கு ஏறியது, வயிற்றுக்கு இறங்கவில்லை. யோசித்துவிட்டு வரலாம்தான். நான் யோசிக்கிற நேரத்தில் சோதனைக்காரர்கள் வந்தால் கடையை இழுத்து மூடிவிடுவார்கள், என்னால். கையை நீட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு முருகா என்றேன். குத்தியதே தெரியவில்லை.

கடைக்கு நடக்கும்போதே தோள் கனத்தது. உடம்பு சுடுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு வெயிலும் கடும் வெயில், எது எதனால் என்று சொல்ல முடியாது. சந்து முனையில் பிசாங் கோரெங், வாழைப்பழம் பொரிக்கிற வாசனை வந்தது. வாசனை இருக்கிறது என்று மனசு துள்ளியது. உடனே, போன தடவையும் நாக்குதானே முதலில் போனது என்று இன்னொரு நினைப்பு வந்து அதை அமுக்கியது. ஒரு துண்டு வாங்கிக் கடித்தால் தெரிந்துவிடும். அத்தனை பேரும் பட்டினி கிடக்கிற சமையற்கட்டுக்குள் மென்றுகொண்டு போகிற பழக்கம் எனக்கில்லை. உப்புப் பார்ப்பதைத் தவிர அந்த மாதம் பகலில் நான் அங்கே எதையும் வாயில் போடுவதில்லை. வாங்காமல் நடந்தேன்.

உள்ளே ஒரே பரபரப்பு. ஹமீது அண்ணன் சோற்றுத் தவலையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? எல்லாம் போட்டாச்சு. கோழிய மட்டும் பார்த்துட்டு சொல்லு, ஏத்திப்போக கெரேத்தா வந்துரும்."

நோர்மா அக்கா பின்கட்டில் பாத்திரம் அலசிக்கொண்டிருந்தார். நான் கரண்டியில் குழம்பை அள்ளி, உள்ளங்கையில் விட்டு, நக்கினேன்.

ஒன்றுமில்லை.

நாக்கில் சூடு தெரிந்தது, மிளகாய் எரிந்தது, மற்றது வெறும் தண்ணீர். மறுபடி விட்டு நக்கினேன். அதே தண்ணீர். போச்சு, மறுபடியும் போச்சு. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. காய்ச்சல், பிறகு நாக்கு. அப்படியே போன தடவை மாதிரி.

"என்ன வள்ளி, சரியா இருக்கா?"

அவர் கேட்டபோது எனக்குப் பழைய முதலாளியின் அன்பான முகம்தான் தெரிந்தது. நாக்கு சரியானதும் வாம்மா.

"சரியா இருக்குண்ணே" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. நாசமாய்ப் போகிற வாய். ருசி தெரியாவிட்டாலும் பொய் சொல்லத் தெரிகிறது. அவர் தலையாட்டிவிட்டு மூடியைப் போட்டார். நான் வேலைக்காரப் பையன்களோடு சேர்ந்து சட்டிகளை வேனில் ஏற்றினேன். கை விண்ணென்று தெறித்தது. அதைப் பற்றி நினைக்கக்கூட எனக்கு நேரமில்லை.

பசாரில் ஹமீது அண்ணன் அடுப்பை மூட்டிச் சட்டிகளைச் சூடு ஆறாமல் வைத்தார். நோன்பு திறக்க இன்னும் நேரமிருந்தது, ஆனால் கூட்டம் வந்துவிட்டது. நான் சோற்றைக் கட்டினேன், நோர்மா அக்கா குழம்பை ஊற்றினார். யாரும் வாயில் வைத்துப் பார்க்கப் போவதில்லை. வாங்குகிறார்கள், பைக்குள் போடுகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். பாங்கு சொன்ன பிறகுதான் எந்தக் குறையும் தெரியும். அதுவரைக்கும் என் பொய்யை எல்லாரும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

மேசைக்கு அடியில் உப்பு டப்பா இருந்தது. ஒரு கல்லை எடுத்து நாக்கில் போட்டால் விஷயம் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் எனக்குப் பயம். தெரியாதவரைக்கும் எனக்கு வேலை இருக்கிறது. குனிந்து டப்பாவைத் தொட்டேன், நிமிர்ந்துவிட்டேன். கொஞ்சம் கழித்து மறுபடி குனிந்தேன்.

"தலை சுத்துதா வள்ளி? ஊசி போட்ட உடம்பு, உட்காரேன்" என்றார் நோர்மா அக்கா.

"ஒன்னுமில்லக்கா" என்று எரிந்து விழுந்தேன். அன்பாகப் பேசினால் எனக்கு அன்றைக்குத் தாங்கவில்லை.

அந்த நேரத்தில் பள்ளிவாசல் வேன் வந்து நின்றது. வெள்ளிக்கிழமைகளில் ஹமீது அண்ணன் அதே கோழிக்குழம்பில் ஒரு முழுச் சட்டியைப் பள்ளிவாசலுக்குக் கொடுப்பார். வழிப்போக்கர், துறைமுகத்துக் கூலிகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் என்று இருநூறு முந்நூறு பேர் அங்கே நோன்பு திறப்பார்கள். விற்பதற்கு வைத்திருந்த சட்டியிலிருந்து இன்னும் ஒரு கரண்டி எடுத்து, பள்ளிவாசல் சட்டியில் ஊற்றி, விளிம்பைத் துடைத்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. நாள் முழுக்க வெயிலில் நின்று உதடு வெடித்திருந்தது. அந்த உதட்டோடு துவாவை முணுமுணுத்துக்கொண்டே மூடியைக் கையில் எடுத்தார்.

நான் குனிந்தேன். டப்பாவைத் திறந்து ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டேன்.

கரித்தது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குக் கரித்தது. நாக்கு இருக்கிறது. என் நாக்கு பத்திரமாக இருக்கிறது. ஒரு நொடி சந்தோஷத்தில் இன்னொரு கல்லையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அடுத்த நொடிதான் புரிந்தது. நாக்கில் குறையில்லை என்றால் குறை சட்டியில்.

"அண்ணே, மூடாதீங்க. கோழியில உப்பே இல்ல."

அவர் மூடியும் கையுமாகத் திரும்பினார்.

"சரியா இருக்குன்னு நீதானே சொன்னே?"

"பொய் சொன்னேண்ணே. வாயில ஒன்னுமே தெரியல. நாக்கு போயிருச்சுன்னு நினைச்சிட்டேன். சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவீங்கன்னு…"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நோர்மா அக்கா கரண்டியை அப்படியே சட்டியில் விட்டுவிட்டார்.

"கோழிக்கு நான் எங்க போட்டேன்? மாட்டுக்குத்தான் போட்டேன். கோழிய கிளறி வச்சிட்டு, உப்ப மட்டும் இவ வந்து போட்டுக்குவான்னு விட்டுட்டேன்."

"நீ உப்பு டப்பாவோட நின்னத பார்த்தேனே. ரெண்டுக்கும் போட்டுட்டேன்னு நினைச்சேன்" என்றார் ஹமீது அண்ணன்.

வாங்கிப் போனவர்கள் போய்விட்டார்கள். அவர்களை இனி எங்கே பிடிப்பது. இன்று அந்தி அவர்கள் வாயில் வைக்கிற முதல் குழம்பு சப்பென்று இருக்கும், கடையின் பேரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். திட்டட்டும், எனக்கு வேண்டும். ஹமீது அண்ணன் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி, அழுது, ஒரு மாதிரி ஆறியிருப்பேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நாக்கு போனா போவட்டும் வள்ளி. வெங்காயம் உரிக்க நாக்கு வேணாம், சோறு கட்ட நாக்கு வேணாம். அதுக்காவ உன்னைய யாரு அனுப்பப் போறா? ஆனா இருக்கா இல்லையான்னு நீ சொல்லணும். இந்த மாசம் பூரா உன் வார்த்தைய வச்சுத்தான் நான் சட்டிய இறக்குறேன். நீ பொய் சொன்னா நான் யாரைக் கேப்பேன்?"

உப்பு ஒட்டிய விரலைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

வேன்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹமீது அண்ணன் டப்பாவை எடுத்து என் முன்னால் நீட்டினார். விற்கிற சட்டி பிறகு என்று, முதலில் பள்ளிவாசல் சட்டியில் நான் அள்ளிப் போட்டேன். நோர்மா அக்கா அடிவரைக்கும் கிளறினார். உள்ளங்கையில் விட்டு நக்கினேன். தேங்காய்ப்பால், சோம்பு, கோழிக் கொழுப்பு, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. உப்பு கொஞ்சம் பின்தங்கி இருந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

போட்டேன். கிளறினார். மறுபடி பார்த்தேன். தெரிந்துவிட்டது, ஆனாலும் இன்னொரு தடவை பார்த்தேன்.

"இப்ப சரிண்ணே."

நிஜமாகவா என்று கேட்பார் என்று நின்றேன். கேட்டிருந்தால் நியாயம்தான். அவர் கேட்கவில்லை. மூடியைப் போட்டு, சட்டியை வேனில் ஏற்றச் சொன்னார்.