வாடகை தராத திமிங்கலம்

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்குகிறார்கள். ஏழைக் குழந்தைகளிடம் வாசிப்பையும் எழுத்தையும் வளர்ப்பது பற்றி. படிப்பவர் கண் கலங்க வேண்டுமாம். எனக்குக் கோபம்தான் வருகிறது. இருப்பதை வைத்து எழுதுகிறேன்.

2

கிழிந்த சட்டையோடு அந்தச் சிறுமி

(வேண்டாம். அவள் சட்டை கிழியவில்லை. கிழித்தது என் பேனா.)

அவளை 'வாலு' என்றால் தெருவுக்கே தெரியும். பஞ்சர் கடை மாடியிலுள்ள வாசிப்பு அறைக்கு முதல் ஆளாக வந்து ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுபவள். அந்த அறை வெளியிடும் சிறுவர் கதைத் தொகுப்புக்கு ஒரு கதை எழுதினாள். அவர்கள் குடியிருப்பின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு திமிங்கலம் குடிவருகிறது. வாடகை தருவதில்லை. கேட்டால் பீய்ச்சியடிக்கிறது.

அறையை நடத்தும் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அடித்தார். கதையை.

"திமிங்கலத்தப் பாத்திருக்கியா நீ?"

"இல்லக்கா."

"தெரிஞ்சத எழுதும்மா. அம்மா ஓட்டல்ல பாத்திரம் தேய்க்கிறாங்கல்ல, அவங்க கஷ்டத்த எழுதேன்."

"அம்மா ராத்திரிதான்கா வரும். திமிங்கலம் நாள் பூரா கூடவே இருக்கும்."

3

(அக்காவை வில்லியாக்கப் பார்த்தேன். முடியவில்லை. தொகுப்பைப் படித்துப் பெரியவர்கள் உருகி வாங்கினால்தான் அறைக்குப் புதுப் புத்தகங்கள் வரும்.)

வசதியான வீட்டுப் பிள்ளை பறக்கும் யானையை எழுதினால் கற்பனை. இவள் எழுதினால் "உன் வாழ்க்கை எங்கே?" கனவு காண்பதற்குக்கூட வருமானச் சான்றிதழா?

4

அச்சுக்குப் போகும் பிரதியில் திமிங்கலம் இல்லை. தலைப்பு: 'வறண்ட தொட்டி'. கீழே வாலுவின் பெயர். ஓட்டல் வேலைக்கு நடுவே ஓடிவந்த அம்மா, மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"யாரு எழுதுனது இது?"

"உங்க பொண்ணுதாங்க. கொஞ்சம் திருத்தினோம்."

"எங்க வீட்டுல அழுறதுக்கு நான் ஒருத்தி போதும் மேடம். இவ எழுதுனதப் போடுங்க. இல்லன்னா பேர எடுத்துடுங்க."

"பேர் இல்லாம எப்படிங்க போடுறது?"

"திமிங்கலம் இல்லாம மட்டும் போட்டீங்க?" என்றாள் வாலு.

5

முடிவு அ: அக்கா திமிங்கலத்தையே அச்சுக்கு அனுப்புகிறார். (நம்பத்தான் ஆசை.)

முடிவு ஆ: வறண்ட தொட்டிக்குப் பரிசு. அரங்கமே அழுகிறது. வாலு அதன் பிறகு ஒரு வரிகூட எழுத

மாட்டேன். இதை நான் எழுத மாட்டேன்.

அச்சகத்து ஆள் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். மேசையில் இரண்டு பிரதிகள்: திமிங்கலம் ஒன்று, வறண்ட தொட்டி ஒன்று. அக்கா இன்னும் எதையும் எடுக்கவில்லை. தொகுப்பை வாங்கப்போவது நீங்கள். சொல்லுங்கள், அக்கா எதைக் கொடுக்கட்டும்?