ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு

போன் மேசைமேல் கிடந்து அதிர்ந்தது. யாரும் எடுக்கவில்லை. அக்கா முத்துலட்சுமி போனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அத்தான் முருகன் என்னை மட்டும் பார்த்தார். அவர்கள் மகள் சரண்யா, செமிஃபைனல் ஆடி முடித்த ஈர ஜெர்சியோடு, சிரிப்பை மறைக்க முகத்தைத் துண்டில் புதைத்திருந்தாள்.

"மாப்பிள்ளையோட அம்மா. நீயே எடுத்துப் பேசுல. நீதான நல்லா பேசுவ," என்றாள் அக்கா.

நான் நன்றாகப் பேசியதால்தான் அந்தப் போனே வந்தது.

என் பெயர் வெள்ளைத்துரை. நிறத்திலும் பவுசிலும் அந்தப் பெயருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச் சேலை எடுத்துப் போடுகிறவன். ஆடித் தள்ளுபடி வந்தால் கடை மைக்கும் என் கையில்தான். அன்று மாலை, கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பார்க்கப் போன நான், யாரும் கூப்பிடாமலே எழுந்து போய் மைக்கை வாங்கினேன். மருமகள் பந்தைப் போடப் போட எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இதோ எங்கள் சரண்யா! உயரம் ஆறடிக்கு ஒரே ஒரு இன்ச் குறைவு! இவளோடு பேச வேண்டுமானால் ஏணியோடு வாருங்கள்!" என்று கூவிவிட்டேன்.

யூடியூபில் அது நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. ஜாதகத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பயோடேட்டாவில் அவள் ஐந்தடி ஐந்து. மாப்பிள்ளை ஐந்தடி ஏழு.

முன்னால் வந்த வரன்கள் எல்லாம் உயரத்தைக் கேட்டுவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனதால், இந்த முறை அக்கா அரை அடியைக் கத்தரித்துவிட்டாள். கத்தரித்த இடம் தெரியாமல் மறைப்பது என் பொறுப்பு. அகலமான பார்டர், உடம்பெங்கும் குறுக்குக் கட்டம் என்று ஆளைக் குள்ளமாகக் காட்டும் சேலையாகப் பார்த்து நானே எடுத்து வந்தேன். போட்டோ எல்லாம் உட்கார்ந்தபடி. நிற்பதற்கு மட்டும் அக்காவே பயிற்சி கொடுத்தாள்.

"தோளை முன்னால தொங்க விடு. முட்டிய லேசா மடக்கு. சேலைக்குள்ள தெரியாது. மூச்ச இழுத்துப் பிடிக்காத, முகத்துல தெரிஞ்சிரும்."

அவள் செய்து காட்டிய அழகைப் பார்த்தால் கூடைப்பந்து கோச்சே கை கட்டி நிற்பார். இதையெல்லாம் எங்கே படித்தாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு எப்போதும் கழுத்துவலி. வீடே தைலம் மணக்கும். பாத்திரக் கடைக்காரர் மனைவி, குத்துவிளக்கு தூக்கித் தூக்கி வந்த வலி என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன்.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, எங்க பேத்தி யூடியூப்ல காட்டுனா," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "பொய் சொன்னதப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. ஜாதகம் இம்புட்டுப் பொருந்திருக்கு, விட மனசில்ல. நாளைக்கு நாலு மணிக்கு வாரோம். பையன் பக்கத்துல நிறுத்திப் பாப்போம். ஆனா ஆட்டத்த இன்னையோட நிப்பாட்டிரணும். குதிச்சுக் குதிச்சுத்தான இப்படி வளந்துட்டா? இன்னும் வளந்துட்டான்னா?"

மறுநாள் ஆறு மணிக்கு அடையாறில் ஃபைனல். இந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். கடைசி வருஷம் படிக்கும் சரண்யாவுக்குக் கல்லூரியின் கடைசி ஆட்டமும் அதுதான்.

"சரி மதினி. நிப்பாட்டிருதோம்," என்று அக்கா குறுக்கே புகுந்தாள்.

துண்டுக்குள் இருந்த சிரிப்பு நின்றுபோனது.

"ஒரே ஒரு மேட்ச்மா," என்றாள் சரண்யா. "ரிங் பக்கத்துல நிக்க எங்க டீம்ல வேற ஆளே இல்லமா."

அக்கா அடுப்படிக்குப் போனாள். பேச்சை மாற்ற, இவள் யாரைப் போல வளர்ந்தாள் என்ற என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"இவ யாரைக் கொண்டு இப்படி வளந்தா? நம்ம வகையறால எல்லாரும் என்னய மாதிரி அரை டிக்கெட்டுதான?"

"பாக்கெட் பாலு. என்னத்தையோ கலக்கான்," என்றார் அத்தான்.

"பந்துதான், வேற என்ன?" என்றது அடுப்படி.

பல வருஷமாகக் கேட்கிறேன். பாலும் பந்தும் மாறி மாறி வரும், பதில் வராது. அக்கா கல்யாணம் ஆகிப் போனபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு அவள் குனிந்து நின்றோ உட்கார்ந்தோதான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மூன்றரைக்கே ஃபிசா வாசலில் ஸ்கூட்டியோடு நின்றாள். ஆட்டத்தில் சரண்யாவுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் டீம் தோழி, மயிலாப்பூர்க்காரி.

"இன்னா மாமா, மைக்கு கைல கெட்சா ஆதார் நம்பரையும் சொல்லிடுவியா?"

"தப்புதாம்மா."

"தப்ப அப்பால பேசிக்கலாம். அவ வர்றாளா, இல்லியா? இல்லன்னா சொல்லிடு, நாங்க ஏணி எட்துக்கினு போறோம்."

நான் தலையைச் சொறிந்தேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்துவிட்டது.

கேசரி, பஜ்ஜி எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. பிறகு மாப்பிள்ளையைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார்கள். பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை, சாதுவான முகம். சரண்யா நான் எடுத்த கட்டம் போட்ட சேலையில் பக்கத்தில் வந்து, தோளைத் தொங்கவிட்டு, முட்டியை மடக்கி நின்றாள். அப்படியும் அவன் தலைக்கு மேலேதான் இருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் இறங்கும்மா," என்றார் அவன் அம்மா.

சரண்யா இறங்கினாள். அவன் யாருக்கும் தெரியாமல் குதிகாலைத் தூக்கினான். நான் தரையில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது.

"விடும்மா, போதும்," என்று முனகினான்.

"நீ சும்மா இரி. நாளைக்குப் போட்டோவப் பாத்து ஊரு சிரிக்கும்." அந்த அம்மாள் எழுந்து வந்து, சரண்யாவின் தோளில் கை வைத்து, மாவு பிசைவதைப் போல மெல்ல அமுக்கினார். "இந்தா, இம்புட்டுதான். தாலி கட்டி முடியுற மட்டும் இப்படி நின்னாப் போதும்."

அக்காவின் கை தன் கழுத்துக்குப் போனது. அடிபட்டவள் போலப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க மதினி."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அத்தான் கையிலிருந்த பஜ்ஜி தட்டுக்குத் திரும்பியது.

"நிமிரு சரண்யா. அந்தப் புள்ள ஃபிசா வாசல்ல காத்துக்கிட்டு நிக்கி. போ."

"அப்போ சம்மதம் இல்லையா?" என்றார் அந்த அம்மாள்.

"எம்மவ அஞ்சடி பதினொண்ணு. அதுக்குச் சம்மதம்னா சொல்லி அனுப்புங்க. இல்லன்னா கேசரியச் சாப்பிட்டுப் போங்க."

மாப்பிள்ளை குதிகாலை இறக்கிவிட்டுப் பெரிதாக மூச்சு விட்டான். பாவம், அவனுக்கும் கால் வலித்திருக்கும்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டியின் பின்னால் ஏறிய சரண்யாவைத் தெருவே பார்த்தது. நான் ஆட்டோ பிடித்து அக்காவையும் அத்தானையும் அடையாறுக்குக் கூட்டிப்போனேன். தர்மசங்கடத்தில் அத்தான் வழி முழுக்க ஆட்டோ மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். மைதானத்தில் மறுபடியும் என்னிடமே மைக்கைக் கொடுத்தார்கள். பழைய அறிவிப்பாளருக்குத் தொண்டை திறக்கவில்லை. எனக்கோ வெட்கம் நிற்கவில்லை.

கடைசி நிமிடத்தில் எங்கள் பெண்கள் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஃபிசா யார் கையிலிருந்தோ பந்தைத் தட்டிப் பறித்து, ரிங்குக்குப் பக்கத்தில் உயரத் தூக்கிப் போட்டாள். கீழே சரண்யா முட்டியை மடக்கினாள். சற்றுமுன் கூடத்தில் மடக்கியதும் அதே முட்டிதான். இந்த முறை எழும்புவதற்காக மடக்கினாள்.

கூட்டம் மொத்தமும் எழுந்தது. நான் ரிங்கைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் முன்வரிசையில் அக்காவும் எழுந்தாள். எழுந்தவள், முதுகு முழுக்க நிமிர்ந்து, எழுந்துகொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற அத்தானின் தலை அவள் காதோடு நின்றுவிட்டது.

பந்து உள்ளே விழுந்ததையும், விசில் ஊதியதையும், கோப்பை எங்களுக்கு என்று ஆனதையும் நான் அறிவிக்கவே இல்லை.

"மாமா! மைக்கு! தூங்கினு கீறியா?" என்று ஃபிசா கோர்ட்டிலிருந்து கத்தினாள்.

மைக் என் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. வாயில் வந்தது பழைய கேள்விதான். மைதானம் முழுக்க, யூடியூபிலும் சேர்த்து, அது ஒலித்தது.

"அக்கா... இவ யாரைக் கொண்டு?"

"ஏ, உக்காரு. எல்லாரும் பாக்காவ," என்று அத்தான் அவள் முந்தானையை இழுத்தார்.

அக்கா உட்காரவில்லை. தடுப்புக் கயிற்றுக்கு மேலே கையை நீட்டி என்னிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"என்னயக் கொண்டுதாம்ல. கல்யாண மேடையில மாமியா தோள அமுக்குனாவ, குனிஞ்சேன். நான் அஞ்சடி ஒம்போது."