சேர்மனுக்கு வைத்த கண்ணாடி

மொஹிதீன் கடைசியாகப் பேசியது மீனைப் பற்றித்தான். மனிதர் ஒரு ஸலாமோ, வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு ஒரு வார்த்தையோ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இல்லை. அன்று மாலை கொழும்பிலிருந்து பொலித்தீன் பையில் வந்த செம்மஞ்சள் குட்டி மீனைத் தொட்டியில் விட்டார். அதுவரை தொட்டியை ஒற்றையாக ஆண்டுகொண்டிருந்த நீல மீன், குட்டியை மூலைக்குத் துரத்தியது. "பாத்துக்கிட்டே இரி லரீபா, ரெண்டும் பழகிரும்" என்றார். அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார். எழும்பவில்லை.

பதுளையில் இரும்புக்கடை வைத்திருந்தவருக்குக் கடல்மீன் ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியாது. மலையில் உட்கார்ந்துகொண்டு உப்புத் தண்ணீர் கரைத்து மீன் வளர்ப்பதென்றால் சும்மாவா? அந்த நீல மீனுக்கு அவர் வைத்த பெயர் சேர்மன். முதுகில் மஞ்சள் செட்டை, வாலடியில் கத்தி போல ஒரு முள், யார் வந்தாலும் விரட்டும் குணம். பெயர் பொருத்தம்தான்.

லரீபா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் மவுத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. மொஹிதீனின் தங்கை ரிஸ்கா வந்து, வீட்டிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளையெல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். முதல் கிழமை வீடு கொள்ளாத சனம். பிறகு ரிஸ்காவும் பண்டாரவளைக்குப் போய்விட்டாள். மகள் றுஷ்தா தோஹாவிலிருந்து தினமும் பேசுவாள். பேசி முடித்ததும் வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிடும். தொட்டி மோட்டரின் சத்தம்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து இரண்டு மீனுக்கும் உப்புத் தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளி விழுந்தது. சேர்மன் கல்லில் உடம்பை உரசிக்கொண்டு திரிந்தது. மொஹிதீனுக்கு மீன் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் கிருஷ்ணராஜுக்கு அவள் போன் பண்ணினாள்.

"அது ஒட்டுண்ணி, அக்கா. ரெண்டையும் வெளிய எடுத்து, வேற வேற பாத்திரத்துல விட்டு, செம்பு மருந்து குடுக்கணும். பெரிய தொட்டிக்குள்ள மட்டும் ஊத்திறாதீங்க, கல்லுல இருக்க உசுரெல்லாம் செத்துப்போகும்."

"அப்ப பெரிய தொட்டிய என்ன செய்ற?"

"ரெண்டு மாசத்துக்குக் கிட்ட மீனே இல்லாம கெடக்கட்டும். ஒட்ட ஒடம்பு இல்லாட்டி அது தானா செத்துரும்."

மருந்தை வாசற்படியில் வைத்துவிட்டு, தெருவில் போய் நின்றுகொண்டுதான் கிருஷ்ணராஜ் மறுபடி போன் பண்ணினார். விவரம் தெரிந்த மனிதர். சேர்மன் தண்ணீர் பிடிக்கும் நீல பெரலுக்குள் போனது. குட்டி, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டும் பேசனுக்குள் போனது. லரீபா மருந்து அளந்தாள், தண்ணீர் மாற்றினாள், தொழுகை முடித்த கையோடு தீனி போட்டாள். 'வீடெல்லாம் உப்பு வாடை' என்று மொஹிதீனை ஏசியவள் இவள்தான். இப்போது அந்த வாடை இல்லாவிட்டால் அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

புள்ளிகள் மறைந்தன. இரண்டு மாதம் முடிந்ததும், கிருஷ்ணராஜ் சொன்னபடி தொட்டிக் கற்களை இடம் மாற்றி அடுக்கினாள். பழைய இடம் என்று சேர்மன் உரிமை கொண்டாடக் கூடாதாம். குட்டியை முதலில் விட்டாள், சேர்மனைக் கடைசியில். சேர்மன் கொஞ்ச நேரம் திகைத்து நின்றது. பிறகு குட்டியைக் கண்டது. அவ்வளவுதான்.

"தம்பி, பெரியது கொத்தி எடுக்குது. குட்டிட வால் பிஞ்சீக்கி."

"அப்ப சேர்மன எங்கிட்ட குடுத்துருங்கக்கா. இல்லாட்டி சின்னது செத்துரும்."

"ஏலாது. பழகிரும்னு அவர் சொன்னாரு."

கிருஷ்ணராஜ் வேறு வழி சொன்னார். "மொகம் பாக்குற கண்ணாடி ஒன்னு இருந்தா, தொட்டிக்கு வெளிப்பக்கமா ஒட்டி வைங்க. தன்னையே வேற மீன்னு நெனச்சிச் சண்ட போடும். சின்னது தப்பிச்சிரும்."

லரீபா போனை வைத்துவிட்டு, மகளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உம்மா, கண்ணாடி பாக்கக் கூடாதுன்னு மார்க்கத்துல ஒன்னுமில்ல. அது சும்மா ஊர் வழக்கம்" என்றாள் றுஷ்தா. அது லரீபாவுக்கும் தெரியும். அவளுக்கிருந்தது பாவத்தின் பயமல்ல. இத்தனை வருடமாகத் தன் முகத்தைத் தினமும் பார்த்தவர் ஒருவர்தான். இனி அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பயந்தாள்.

குட்டி மோட்டருக்குப் பின்னால் ஒளிந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் பொறுக்க முடியாது. படுக்கையறைக் கண்ணாடியை, பலகைப்பக்கம் தன் நெஞ்சில் படும்படி அணைத்துத் தூக்கி வந்து, தொட்டியின் ஓரச் சுவரில் டேப் போட்டு ஒட்டினாள். சேர்மன் பாய்ந்தது. கண்ணாடிக்குள் இருந்தவனும் பாய்ந்தான். இருவரும் அன்று முழுக்கச் சண்டை பிடித்தார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு குட்டி மெதுவாக வெளியே வந்து தின்றது.

போகப் போகச் சண்டை தணிந்தது. சேர்மன் கண்ணாடி ஓரத்திலேயே, அந்த இன்னொருவனோடு உடம்பை ஒட்டியபடி நிற்கத் தொடங்கியது.

"இப்ப எடுத்துருங்கக்கா" என்றார் கிருஷ்ணராஜ். "இல்லாட்டி அது கண்ணாடியே கதின்னு கெடக்கும்."

டேப்பை உரித்து, முகம் தெரியாதபடி கண்ணாடியைச் சுவரில் சாய்த்தாள். சேர்மன் அந்த இடத்தில் மேலும் கீழும் போய்த் தேடியது. குட்டி பிய்ந்த வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தது. சேர்மன் திரும்பிப் பார்த்தது, விரட்டவில்லை. இரண்டும் ஒரே கல்லடியில் நின்றன.

"பழகிட்டுது" என்று லரீபா நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. மவுத்தான அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

அழுது முடித்து, கண்ணாடியில் தெறித்துக் காய்ந்திருந்த உப்பைத் துடைக்க அதைத் திருப்பினாள். உள்ளே இளைத்துப்போன ஒருத்தி கண் வீங்கி நின்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது. 

"சோறு திண்டியா?" என்று அவளிடம் கேட்டாள். கடையிலிருந்து வந்ததும் மொஹிதீன் முதலில் கேட்பது அதைத்தான்.