பின்பாதி

நஸீப் நானா ஒரு குழாயை ஜப்பான் சாமான் என்று சொல்லிக்கொண்டே வலது காதைத் தடவினால், அந்தக் குழாய் ஜப்பான் இருக்கும் திசையைக்கூடப் பார்த்ததில்லை என்று அர்த்தம். இது கண்டி, கொழும்பு வீதியில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் நஸீப் நானாதான்.

அவருடைய ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால், பிளாஸ்டிக் குழாய்கள் சாத்தி வைத்திருக்கும் சின்ன முற்றத்தில் இரண்டு கதிரைகள் உண்டு. ஒன்று அவருக்கு, மற்றது சேதுராமனுக்கு. சேதுராமன் மாநகர சபையில் தண்ணீர்க் கட்டணப் பகுதியில் கிளாக்கர். வேலை விட்டு அம்பிட்டிய பஸ்ஸுக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைவார். பூட்டுகளையும் ஆணிப் பெட்டிகளையும் ஏதோ சபையிலிருந்து சோதனைக்கு வந்தவர் மாதிரிப் பார்வையிடுவார். பிறகு எதையும் வாங்காமல் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். கடை திறந்த நாளிலிருந்து இதே கதைதான். மனிதர் இதுவரை ஓர் ஆணிகூட வாங்கியதில்லை.

"வாடகை வீட்டுக்காரனுக்கு ஆணி எதுக்கு நானா? நான் செவுத்துல அடிச்சா வீட்டுக்காரன் என்னைய அடிப்பான்" என்பார்.

பால் சேர்க்காத இரண்டு பிளேன்டி வரும். நஸீப் ஒரு சிகரட்டைப் பற்றவைப்பார். பாதி எரிந்ததும், பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டுவார். சேதுராமனும் பேச்சை நிறுத்தாமலே வாங்கிக்கொள்வார். சிகரட் விலை ஒருமுறை தாறுமாறாக ஏறியபோது தொடங்கிய பழக்கம். அப்புறம் விலையை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். தனித்தனியாக அவரவர் எத்தனையோ ஊதித் தள்ளுவார்கள், அது வேறு கணக்கு. இந்த ஒன்று மட்டும் பொது. முன்பாதி நஸீபுக்கு, பின்பாதி சேதுராமனுக்கு.

இந்த ஒழுங்குக்குள்தான் கஜலட்சுமி வந்து சேர்ந்தாள். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து படித்து வந்த பிள்ளை. பேராதனைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் வேலை. ஐம்பது வயது தாண்டிய, நெடுங்காலம் புகைத்த ஆட்களைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினாள். இரத்தத்தில் சில புரதங்கள் இருக்கின்றன, அவற்றின் அளவைப் பார்த்தால் யாருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூட, யாருக்குக் குறைவு என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறோம் என்றாள். நோய் இருக்கிறதா இல்லையா என்று இதில் தெரியாது. வாய்ப்புக் கூடினவர்களுக்கு ஸ்கேன் எடுப்போம், ஏதாவது இருந்தால் சின்னதிலேயே பிடித்துவிடலாம் என்றாள்.

சேதுராமன் நழுவப் பார்த்தார். நஸீப் விடவில்லை. "வாங்க சேது, ஊசி குத்திற நேரம் என்ட கையப் புடிச்சிக்கோங்க" என்று இழுத்துக்கொண்டு போனார்.

முடிவைத் தனித்தனி நாளில் கூப்பிட்டுச் சொன்னார்கள். நஸீபுக்குக் குறைவு. கஜலட்சுமி அதற்குப் பிறகும் நிறையச் சொன்னாள். "குறைவுன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல அங்கிள். மழை வர்ற வாய்ப்புக் குறைவுன்னு ரேடியோவுல சொன்னா, கண்டியில நீங்க கொடை இல்லாம போவீங்களா? சிகரட்ட விட்டுருங்க." நஸீபின் காதில் "குறைவு" ஒன்றுதான் ஏறியது. மற்றதெல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டது.

அன்று கடையில் வந்தவர் போனவர் எல்லோருக்கும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்ட வட்டிலப்பம். பூட்டு வாங்க வந்தவரிடமும் தன் இரத்தத்தின் பெருமையைச் சொன்னார். "முப்பது வருஷமா சிகரட் குடிக்கிறன், சாமான் புதுசு மாதிரி ஈக்கிதாம்!" வீட்டில் மனைவி மஸாஹிரா மட்டும், "அப்ப இன்னும் குடிக்க லைசன் தந்துட்டாங்க எண்டு செல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு நாள் கழித்து சேதுராமனும் முடிவைக் கேட்டுவிட்டு வந்தார். பின்முற்றத்தில் உட்கார்ந்து பிளேன்டியை ஆற்றினார்.

"என்னவாம்?"

"எனக்கும் கொறவுதான் நானா."

"நான் செல்லல்லயா!" நஸீப் தொடையில் தட்டினார். சிகரட்டைப் பற்றவைத்தார், பாதியில் நீட்டினார். சேதுராமன் வாங்கிக்கொண்டு எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, நடந்துக்கிட்டே குடிக்கிறேன்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. வருவார், உட்காருவார், டீ குடிப்பார், பாதியைக் கையில் வாங்கியதும் பஸ் நினைவு வந்துவிடும். நஸீபுக்கு உள்ளூர எரிச்சல். குறைவு என்று வந்ததும் பெரிய மனிதருக்குத் தன்னோடு உட்கார்ந்து புகைக்கக்கூட நேரமில்லாமல் போய்விட்டதோ என்று நினைத்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆண்பிள்ளைகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டால் மானம் கப்பலேறிவிடும் அல்லவா.

ஒரு திங்கட்கிழமை காலை பாலாம்பிகை கடைக்கு வந்தாள். சேதுராமனின் மனைவி கடைப்பக்கம் வருவதே அபூர்வம். நஸீப் பதறி எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"நானா, நீங்கதான் அவருக்கு ஒரு வார்த்த சொல்லணும். ஆஸ்பத்திரியில இருந்து போன் மேல போன். வியாழக்கிழமை ஸ்கேன் வச்சிருக்காங்க. பாப்போம் பாப்போம்ங்கிறாரு. போன தடவையும் இப்படித்தான் போகாம விட்டாரு."

"என்ன ஸ்கேன் தங்கச்சி?"

"ரத்தம் பாத்தாங்கல்ல. அவருக்கு ரிஸ்க் ரொம்பக் கூடன்னு வந்துச்சே." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்ககிட்ட சொல்லலியா?"

"செல்லின, செல்லின" என்றார் நஸீப். கை தானாகக் காதுக்குப் போயிற்று.

அவள் போன பிறகு வாடிக்கையாளர் ஒருவர் ஷவர் கேட்டார், நஸீப் பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். வட்டிலப்பம் கொடுத்தது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. சேதுராமனும் அன்று ஒரு கோப்பை சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்று மஸாஹிராவிடம் சொல்லச் சொல்லி இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினார்.

ஒரே சிகரட். ஒரே புகை. எனக்குக் குறைவு, அவனுக்குக் கூட. இது என்ன நியாயம் யா அல்லாஹ் என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டார். பிறகு இன்னொன்று உறைத்தது. ஒரே புகையில்லை. கடைசிப் பாதியில்தான் தார் அதிகம் தங்கும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். அந்தப் பாதியைத் தினமும் கையை நீட்டிக் கொடுத்தது யார்? அன்று முழுவதும் அவரால் சிகரட் பெட்டியைத் திறக்க முடியவில்லை.

நேராகச் சொன்னால் சேதுராமன் கேட்கமாட்டார். பயந்த மனிதர். தகப்பன் இதே வியாதியில் இருமி இருமிப் போனதைப் பார்த்தவர், தெரியாமல் இருப்பதே மேல் என்று ஓடுகிறவர். நஸீப் யோசித்தார். குழாய் விற்கிறவருக்கு வேறென்ன வழி தோன்றும்? ஒரு பொய்யைத் தயார் செய்தார்.

அன்று மாலை சேதுராமன் உட்கார்ந்ததும் தொடங்கினார். "சேது, அந்தப் புள்ள கோல் எடுத்த. என்ட ரத்தத்த வேற யார்டயோ ரத்தத்தோட மாத்திப் பாத்துட்டாங்களாம். எனக்குக் குறைவில்லயாம், கூடவாம்."

சேதுராமன் டீயைக் கீழே வைத்தார்.

"வியாழக்கிழம ஸ்கேன் எடுக்க வரட்டாம். தனியப் போகப் பயமா ஈக்கி. நீங்க கூட வந்தா அவளோ உதவி."

சேதுராமன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்துக்கு வெளியே சாக்கடையில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "வியாழக்கிழமையா? சரி நானா, வாறேன்" என்றார் கடைசியில்.

பொய் பலித்த சந்தோஷத்தில், அன்று சிகரட்டைப் பற்றவைக்காமல் இருந்ததற்கு என்ன காரணம் சொல்வது என்று யோசிக்க நஸீப் மறந்தே போனார். சேதுராமனும் கேட்கவில்லை. வெறுங்கையோடு பஸ்ஸுக்குப் போனார். பொய் சொன்ன பாவத்துக்கு நஸீப் இரவு இஷா தொழுகைக்குப் பிறகு நீண்ட நேரம் மன்னிப்புக் கேட்டார். இன்னும் இரண்டு பொய் தேவைப்படலாம் என்பதையும் கூடவே சொல்லி வைத்தார்.

வியாழக்கிழமை நஸீபின் வேனில் பேராதனைக்குப் போனார்கள். வழியெல்லாம் நஸீப் தன் பயத்தை விலாவாரியாக வர்ணித்தார். நடிக்கத் தெரியாதவர் நடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சேதுராமன் "ம்" கொட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி நடைபாதையில் கஜலட்சுமி இருவரையும் பார்த்துவிட்டாள்.

"வாங்க சேதுராமன் அங்கிள், உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். நஸீப் அங்கிள், நீங்க எங்க இந்தப் பக்கம்?"

நஸீப் கண்ணைச் சிமிட்டினார், புருவத்தைத் தூக்கினார், தொண்டையைச் செருமினார். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்குத்தான் ஸ்கேன் இல்லியே, கண்ணுல ஏதும் விழுந்துருச்சா?" என்றாள்.

நஸீபுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலாம் போலிருந்தது. சேதுராமன் சிரித்துவிட்டார்.

"விடுங்க நானா. அன்னைக்கே தெரியும். காத அப்படித் தடவுறீங்க, பிஞ்சு வந்துருமோன்னு பயந்துட்டேன்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"எனக்காக இவ்வளவு கேவலமா ஒரு மனுசன் பொய் சொல்லும்போது, வராம என்ன செய்ய?" அவர் சிரிப்பை நிறுத்தினார். "பயமா இருக்குங்க நானா. இது நெசம்."

நஸீப் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றதால் சேதுராமன் சட்டைப் பையைக் காலி செய்து எல்லாவற்றையும் நஸீபின் கையில் திணித்தார். சாவி, போன், கண்ணாடி, தொண்டை மிட்டாய் அடைத்து வரும் சின்னத் தகர டப்பா. கதவு மூடிக்கொண்டது.

நஸீப் சுவரோர நீள வாங்கில் உட்கார்ந்தார். கஜலட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மகள், ஒண்டு கேக்கட்டா? அவருக்கு எப்பவும் நான் பின்பாதியத்தான் குடுத்த. அதாலயா இப்படி வந்த?"

"அப்படி யாராலயும் சொல்ல முடியாது அங்கிள். ஒவ்வொரு ஒடம்பு ஒவ்வொரு மாதிரி. அவங்க அப்பாவுக்கும் இருந்திருக்கு. ஒரே பொகைய ரெண்டு பேரு குடிச்சாலும் ஒடம்பு பட்ட காயத்த ஆத்துற விதம் ஒண்ணா இருக்காது. எந்தப் பாதின்னு பாக்காதீங்க. ரெண்டு பாதியும் நஞ்சுதான்."

ஆறுதலா, ஏச்சா என்று நஸீபுக்குத் தெரியவில்லை. இரண்டும் தனக்கு வேண்டியதுதான் என்று பட்டது. தொண்டை வறண்டிருந்தது. ஒரு மிட்டாயாவது போடலாம் என்று சேதுராமனின் டப்பாவைத் திறந்தார்.

உள்ளே மிட்டாய் இல்லை. பாதிச் சிகரட்டுகள். நுனியில் நெருப்பைக் கிள்ளி அணைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. நஸீப் புகைக்கும் அதே வகை. ஒன்றையாவது அதற்கு மேல் இழுத்த அடையாளம் இல்லை.

பஸ்ஸுக்கு நேரமாச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சு. முடிவு வந்த அன்றே மனிதர் புகையை விட்டிருக்கிறார். விட்டும் நாள் தவறாமல் வந்து, கையை நீட்டி வாங்கியிருக்கிறார். நஸீப் அழுதார். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று இப்போது சொல்லியிருந்தால் கஜலட்சுமியே நம்பியிருப்பாள், ஆனால் அவர் சொல்லவில்லை. தன் சட்டைப் பையிலிருந்த சிகரட் பெட்டியையும் எடுத்து, டப்பாவில் இருந்தவற்றையும் சேர்த்து, நடைபாதை மூலையிலிருந்த குப்பைக் கூடையில் கொட்டிவிட்டு வந்தார்.

சேதுராமன் வெளியே வந்தபோது நஸீப் வெறும் டப்பாவை நீட்டினார்.

"பாத்துட்டீங்களா?" சேதுராமன் தலை குனிந்தார். "நீங்க குடுத்தத ரோட்டுல போட மனசு வரல."

"வேணாம் எண்டு செல்லியீக்கலாமே!"

"சொன்னா, அப்புறம் நான் என்ன சாக்கு சொல்லிக்கிட்டு உங்க கடைக்கு வர்றது?"

நஸீபுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன் இப்படியா நினைத்தான் என்று கோபம். தானும் அவனை அப்படித்தானே நினைக்க வைத்தேன் என்று அதைவிடக் கோபம். "சாக்கு வேணுமெண்டா ஆணி வாங்க வாங்க, மடையன்!" என்று நடைபாதை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். தாதி ஒருத்தி திரும்பி முறைத்தாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. வலது நுரையீரலில் பாசிப்பயறை விடச் சின்னதாக ஒரு புள்ளி. இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போகும் என்றார் டொக்டர். இருந்தாலும் மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், வளர்ந்தால் அந்த அளவிலேயே எடுத்துவிடலாம், புகை பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. மூன்று மாதம் காத்திருப்பது லேசான காரியமில்லை. ஆனால் இதைத் தெரியாமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்க பாலாம்பிகைக்கே தைரியம் வரவில்லை.

மறுநாள் மாலை மழை விட்டிருந்தது. நஸீப் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, உலகத்தின் மேலேயே எரிச்சலாகக் கல்லாவில் இருந்தார். புகையை விட்டவன் படும் பாடு அப்படி. சபைக் கந்தோர் விடும் நேரம் கடந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது சேதுராமன் உள்ளே வந்தார். பூட்டுகளைப் பார்வையிட்டார். ஆணிப் பெட்டிகளைப் பார்வையிட்டார். நேரே பின்னால் போகாமல் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு ஆணி குடுங்க."

"ஒண்டா?"

"ஒண்ணே ஒண்ணு. நாளைக்கும் வரணும்ல."

"வீட்டுக்காரன் அடிப்பானே?"

"அடிக்கட்டும்."

நஸீப் எழுந்து, பெட்டிக்குள் கையை விட்டு நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்தார். ஆணியை அவர் முன்னால் உயர்த்திப் பிடித்தார்.

"முழுசாவே எடுத்துக்கிறீங்களா, பாதியா வெட்டித் தரட்டா?"