ஞாயிறு காலை முப்பது இணைப்புகள்

கிழக்குத் தாம்பரத்தில் இருந்த அந்தச் சின்ன இன்டர்நெட் கம்பெனியிடம் மொத்தம் முப்பது மோடம்கள். ஒரே நேரத்தில் முப்பது வீடுகள்தான் டயல் செய்து உள்ளே வர முடியும். அடுத்து வரும் வீட்டுக்கு எங்கேஜ்டு சத்தம்தான். முப்பது மோடம் கொண்ட இன்னொரு பெட்டி வேண்டும் என்று இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததிலிருந்தே கிறிஸ்டினா கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை மோடம் தேவை என்று கணிப்பது அவள் வேலை. வாங்குவது மேனேஜர் சத்யநாராயணன் கையில்.

"வார நாள்ல பாதி மோடம் தூங்குது. இன்னொண்ணு எதுக்கும்மா?"

"ஞாயித்துக்கிழமை காலைல வந்து பாருங்க சார். அமெரிக்காவுல அப்ப சனிக்கிழமை ராத்திரி. பசங்க ஃப்ரீயா இருக்கறது அந்த நேரம்தான். சேலையூர்லேர்ந்து பெருங்களத்தூர் வரைக்கும் எல்லா அம்மாவும் அவங்ககூட சாட் பண்ண ஒண்ணா டயல் பண்றாங்க."

ஒரு ஞாயிறு அவர் வந்தேவிட்டார். கிறிஸ்டினா சர்ச்சுக்குப் போகாமல் காத்திருந்தாள். திரையில் முப்பது இணைப்புகளும் நிரம்பியிருந்தன. சத்யநாராயணன் ஆர்டர் தாளை மேசையில் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் மெட்டில்டா ஆன்ட்டி மூச்சு வாங்கியபடி மாடியேறி வந்தார். கிறிஸ்டினா போகும் சர்ச்தான். கையில் பைபிள் பை.

"கிறிஸ்டி, என் கனெக்ஷன் இருக்கான்னு பாத்துச் சொல்லு. சர்ச் சர்வீஸுக்குக் கெளம்பும்போதே டயல் பண்ணிப் போட்டு வெச்சிட்டுப் போனேன்."

"வீட்ல ஆளே இல்லாமலா?" என்றார் சத்யநாராயணன்.

"பெருங்களத்தூர்ல பொங்கல் பஸ்ஸுக்கு ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் புடிக்கறது இல்லையா சார்? அதேதான். எங்க தெருவுல எல்லாரும் இப்படித்தான்."

பேனா மூடப்பட்டது. சத்யநாராயணன் சொன்னபடி கிறிஸ்டினா ஒவ்வொரு இணைப்பாகத் திறந்து காட்டினாள். பெரும்பாலானவற்றில் அசைவே இல்லை.

"இதைக் காட்டியாம்மா பெட்டி கேட்ட? இது லைன் பத்தாம இல்ல, துண்டு."

"லைன் இருந்தா ஏன் சார் துண்டு போடப்போறாங்க?"

"சும்மா கெடக்கறதை எல்லாம் கட் பண்ணு. இனிமே பத்து நிமிஷம் சும்மா இருந்தா தானா கட்டாகணும்."

கிறிஸ்டினா கட் செய்தாள். காலியான இடங்கள் கண்ணெதிரே நிரம்பின. இவ்வளவு நேரம் எங்கேஜ்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். இன்னும் எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதை அந்தத் திரை காட்டாது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளே வர முடியாதவர்களுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

"பாத்தியா, இப்ப அத்தனையும் நிஜமா யூஸ் ஆகுது. முப்பதே போதும்." தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்னோடது?" என்றார் மெட்டில்டா.

"போயிடுச்சு ஆன்ட்டி."

"அமெரிக்காவுல என் பையன் ஜெபின் காத்துக்கிட்டிருப்பான். போன வாரமும் லைன் கெடைக்கல. வேற வேலை தேடறேன்னு சொன்னவன், அப்புறம் ஒண்ணுமே தெரியல."

கிறிஸ்டினா எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நேரடி இணைப்பு, மோடம் தேவையில்லை.

"இது ஆபீஸும்மா," என்றார் சத்யநாராயணன்.

"தெரியும் சார். திங்கக்கிழமை மோடம் பெட்டிக்குத் திரும்பவும் எழுதித் தரேன். இன்னைக்கு இவங்க பேசட்டும்."

மெட்டில்டா சாட் திரையில் ஒரு விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி மகன் பெயரை அடிக்க ஆரம்பித்தார். கிறிஸ்டினா உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றாள்.